கூழில் இடித்துப் போட்டது

“நர்ஸெல்லாம் இல்லடா. முன்னால எனக்குப் பீத்துணி மாத்தீட்டிருந்துச்சே, அந்தப் புள்ளதான். அதுக்கு இப்ப வெள்ளக் கோட்டப் போட்டு உட்டிருக்கறாங்க.”

ஏழாம் கட்டிலின் திரைக்கு அந்தப்புறம் அலமேலு டீச்சர் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தினமும் இந்தக் காலை நேரத்துக்குத்தான் மகன் செல்பேசியில் முகம் காட்டுவார். காது மந்தமாகிப்போனதால் டீச்சருக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது, எதைச் சொன்னாலும் கூடம் முழுக்கக் கேட்கும். திரைக்கு இந்தப்புறம் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்த கோகிலவாணி குழாயை மூடவில்லை. மூடினால் தான் இங்கே நிற்பது தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன, சொன்னவர்தானே கூச வேண்டும், கேட்டவளுக்கு எதற்குக் காது சுடுகிறது என்று நினைத்தபடியே மூன்றாவது தடவையாகச் சோப்பை எடுத்தாள். டீச்சர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. மூன்று வருஷம் மாற்றியிருக்கிறாள். டீச்சருக்கு மட்டுமா, இந்த முதியோர் இல்லத்துக் கூடத்தில் பன்னிரண்டு பேருக்கும். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இங்கே உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தது, பிறகு மூச்சு விட்டபடியே செய்தது, கடைசியில் வாடையை வைத்தே இன்னாருக்கு வயிறு சரியில்லை, இன்னாருக்கு நீர்க்கடுப்பு வரப்போகிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது. சொன்னால் யார் கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது சிஸ்டர் என்று சொன்னால், சரி சரி பவுடர் போடு என்பார்கள். உதவியாள் சொன்னது நோட்டில் ஏறாது. அதே சிவப்பை நாலு நாள் கழித்து சிஸ்டர் பார்த்தால் அது அன்றைக்குத்தான் பிறந்ததாகத் தேதி போட்டு எழுதப்படும். இப்போதும் அதே கண்தான், அதே மூக்குதான். மூன்று வருஷம் படித்து, கவுன்சிலில் பதிவு எண் வாங்கி, கோட்டில் பெயர் குத்திக்கொண்டு வந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். இப்போது அவள் சொன்னால் ஏறும். ஒரு எண் வந்ததும் கண்ணுக்குப் பார்வை வந்துவிட்டதா என்ன? அப்படியானால் அந்த மூன்று வருஷம் அவள் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்று? கோபம் டீச்சர் மேல் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனால் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது, அது இப்போதைக்கு டீச்சருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். பீத்துணி மாத்தின புள்ள. ஆமாம் டீச்சர், உங்களுக்கு ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்ட புள்ள. திரையை விலக்கி இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கும்போது உள்ளேன் என்று சொல்லக்கூடக் குரல் எழும்பாமல் இரண்டு முறை ஆப்சென்ட் வாங்கியவள் அவள். குழாயை மூடினாள்.

டொக், டொக், டொக். மருந்து வண்டிக்குப் பக்கத்தில் ஈஸ்வரி சின்ன உரலில் மாத்திரை இடித்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த உதவியாள், கல்யாணமாகி ஆறு மாதம், கை வளையல்கள் சத்தம் போடக்கூடாதென்று ரப்பர் வளையம் மாட்டிக் கட்டியிருந்தாள். விழுங்கச் சிரமப்படுகிற ஐந்து பேருக்கு மாத்திரையைப் பொடித்து ராகிக் கூழில் கலக்கி ஊட்டுவது இந்த இல்லத்து வழக்கம். சிஸ்டர் ஒவ்வொருத்தர் மாத்திரையையும் கிண்ணத்தில் போட்டு வைத்துவிடுவார், உதவியாள் கிண்ணம் கிண்ணமாக எடுத்து இடிப்பாள். எது என்ன மாத்திரை என்று இடிப்பவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. கோகிலவாணியும் அப்படித்தான் இடித்தாள். இடிப்பதில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. திரிதிரியாக இல்லாமல் மாவாக்கிவிடுவாள். உன்ர கைக்கு வந்தா விபூதி மாதிரி ஆயிருது புள்ள என்று மூத்த நர்ஸ் ருக்மணி சிஸ்டரே சொன்னதுண்டு, அதைக் கேட்டு அன்று முழுக்க மனசுக்குள் குளிர்ந்திருந்தது. விபூதி. அந்த வார்த்தை இப்போது பல்லில் மண் கடிபட்டதுபோல் இருந்தது. டொக், டொக். இரண்டாம் வருஷம் மருந்தியல் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு, மதிய வெயில், முன்னால் உட்கார்ந்திருந்தவளின் ஜடையில் வாடிய மல்லிகை. ஸ்டெல்லா மேடம் கரும்பலகையில் ஒரு மாத்திரையின் பெயரை எழுதி, அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எழுத்தை வட்டமிட்டார். இந்த ரெண்டு எழுத்து இருந்தா அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய மருந்து, சொட்டுநீர் போடறாங்கல்ல தோட்டத்துல, அது மாதிரி. இதை இடிச்சீங்கன்னா என்ன ஆகும்? சொட்டுக் குழாய வெட்டி உட்டா என்ன ஆகும், மொத்தத் தண்ணியும் ஒரே பாத்தியில கொட்டும், ரத்த அழுத்தம் படுத்துரும், வயசானவங்க எந்திரிச்சு நின்னா அப்படியே சரிஞ்சுருவாங்க என்று மேடம் தானே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். கோகிலவாணி போகவில்லை. அவள் அந்தப் பக்கத்திலேயே இருந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அப்பாவின் வாழைத்தோட்டத்தில் எலி கடித்த சொட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிப்பதும், நாலாம் கட்டில் தெய்வானை அம்மாளின் வெள்ளைத் தலையும், உரலின் அடியில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் பொடியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இளஞ்சிவப்பு. மற்ற மாத்திரையெல்லாம் வெள்ளை, அது ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு, கெட்டியான மேல்தோலுடன். இடிக்கும்போது வழுக்கி வழுக்கி ஓடும். அதை ஒரு ஓரமாக ஒதுக்கி, குழவியின் விளிம்பால் அழுத்தி உடைக்க வேண்டும். வழுக்கி ஓடினபோதே அது சொல்லியிருக்கிறது, என்னை உடைக்காதே என்று. அவள்தான் கெட்டிக்காரத்தனமாக உடைத்தாள். தெய்வானை அம்மாளுக்கு டாக்டர் அதை எழுதிக்கொடுத்து மூன்றாவது நாள். காலை ஏழு ஐம்பதுக்கு இடித்தாள். எட்டுக்குக் கூழ். ஒன்பதரைக்குச் சாந்தாமணி அக்கா அந்த அம்மாளை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சாந்தாமணி அக்கா அப்போது இங்கே எட்டு வருஷமாக உதவியாள். கோகிலவாணிக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் என்பதைவிட, முதல் வாரம் அவள் வாந்தி எடுத்தபோது யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு, “அட, எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணு, டாக்டருக்குப் படிச்சவனே வாந்தி எடுப்பான்” என்று சிரித்தவர். ஜடை பின்னி முடித்து ரப்பர் பேண்டை எடுக்கக் கையை நீட்டிய அந்த நொடியில் தெய்வானை அம்மாள் எழுந்து நின்றார். கண்ணு இருட்டுதே என்றார். அவ்வளவுதான், துணி கழன்று விழுவதுபோல் விழுந்தார். இடுப்பெலும்பு. பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். விழுந்தவுடன் ருக்மணி சிஸ்டர் ஓடிவந்து கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். கோகிலவாணிதான் மண்டியிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எண்பது, ஐம்பது என்று சிஸ்டர் வாய்க்குள் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. கேட்டது என்பதில் சந்தேகமில்லை. எத்தனையோ முறை சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டாள், தொண்ணூறாக இருக்கலாமோ, நூறாக இருக்கலாமோ என்று. எண்பது, ஐம்பது. சம்பவப் பதிவேட்டில் அந்த எண்பதும் இல்லை, ஐம்பதும் இல்லை. நோயாளியைக் கவனிப்பின்றி விட்டுவிட்டு உதவியாள் வேறு வேலையாகப் போயிருந்தார் என்று இங்கிலீஷில் ஆறு வரி. அதன் கீழே சாந்தாமணி அக்காவைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேனாவை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். “என்ன கண்ணு எழுதியிருக்குது?”

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு வேறெங்காவது ஓடிவிடும். இப்போதும் ஓடியது. வண்டியில் தெர்மாமீட்டரைக் காணோம், மூன்றாம் கட்டிலுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், அப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். பிறகு தானாகவே திரும்பி வந்தது, முள்ளில் மாட்டிய சேலையை முன்னால் இழுத்தால் பின்னால் இழுபடுகிற மாதிரி. என்ன கண்ணு எழுதியிருக்குது? பட்டம் படித்தவள், ஆறு வரியையும் ஒரே பார்வையில் படித்திருந்தவள் சொன்னாள். ஒண்ணுமில்லக்கா, விழுந்ததப் பத்தித்தான். ருக்மணி சிஸ்டர் எதிரில் நின்றார் என்பது காரணமா, மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது காரணமா, தன் குரல் எழும்பாது என்பது காரணமா? எழும்பியதே, பொய் சொல்ல மட்டும் நன்றாக எழும்பியதே. அக்கா தமிழில் சா-ந்-தா-ம-ணி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தையல் போடுவதுபோல் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் அனுப்பிவிட்டார்கள். எந்த இல்லத்திலும் சேர்க்கவில்லை, ஆளை விழவிட்ட பொம்பளை என்று பெயர். இப்போது பேரூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார் என்று கேள்வி. எட்டு வருஷம் ஒருத்தர்கூட அவர் கையில் வழுக்கினதில்லை. கூழைக் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்து, உதட்டில் தொட்டுக் காட்டி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி கொடுக்கிற கை அது. அந்தக் கை குண்டான் தேய்க்கிறது. விபூதி இடித்த கைக்கு வெள்ளைக் கோட்டு. ஆனால் யாருக்குத் தெரியும், எண்பத்து மூன்று வயதில் சும்மாவே விழுந்திருக்கலாம், தரை ஈரமாக இருந்திருக்கலாம், மாத்திரைதான் என்று அடித்துச் சொல்ல நீ யார். இப்படித்தான் அந்த மருந்தியல் வகுப்புக்குப் பிறகு ஒன்றரை வருஷமாகத் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறாள். வாதாடிக்கொண்டே அதே இல்லத்துக்கு வேலைக்கும் வந்து சேர்ந்தாள். வீட்டுக்குப் பக்கம், அப்பா தனியாக இருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னாள். இல்லை, அந்தப் பதிவேடு இங்கே இருக்கிறது. அதுதான்.

“சிஸ்டர், இது ஓடுதுங்க” என்றாள் ஈஸ்வரி. அவளுக்குச் சிரிப்பு வேறு. “எத்தன அடிச்சாலும் வழுக்கீட்டுப் போகுது பாருங்க, கெண்டக்குஞ்சாட்ட.”

ஏழாம் கட்டில் என்று எழுதி ருக்மணி சிஸ்டர் எடுத்து வைத்திருந்த கிண்ணம். அதில் ஓடியது வேறு நிறம், மஞ்சள். கோகிலவாணி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பெயர், அதன் வாலில் இரண்டு எழுத்து. நேற்று மாலை டாக்டர் புதிதாக எழுதியது. நேற்று மாலை அவளுக்கு வேலை நேரமில்லை. அலமேலு டீச்சர் தினமும் ஒன்பது மணிக்கு யார் தடுத்தாலும் கேட்காமல் தானே எழுந்து ஜன்னல் வரை நடப்பார், முப்பது வருஷம் வகுப்பில் நின்ற கால், உட்காராது. “இடிக்காதீங்க ஈஸ்வரி” என்று சொன்னாள், சொன்னது தனக்கே கேட்கவில்லை. டொக், டொக். கையை நீட்டி உரலின் வாயை மூடினாள். குழவி அவள் விரல் கணுவில் இறங்கியது. “ஐயோ சிஸ்டர்!” என்று ஈஸ்வரி போட்ட சத்தத்தில் மருந்து அறையிலிருந்து ருக்மணி சிஸ்டர் வந்துவிட்டார்.

“என்ன புள்ள, என்ன கலாட்டா?”

“இந்த மாத்திரைய இடிக்கக் கூடாதுங்க சிஸ்டர்.”

“ஆரு சொன்னா?”

“பாடத்துல இருக்குதுங்க. மருந்து மொத்தமும் ஒரே சமயத்துல எறங்கீரும்.”

“பாடத்துல!” ருக்மணி சிஸ்டர் ஈஸ்வரியைப் பார்த்துக் கண்ணடித்தார். “நான் சர்வீசுக்கு வரும்போது இவ பொறக்கவே இல்ல. ஏனம்மிணி, அந்தம்மா முழுசா முழுங்குமா? தொண்டையில சிக்கிச் செத்துப்போனா உன்ர பாடம் வந்து பதில் சொல்லுமா? இடி ஈஸ்வரி.”

திரைக்கு அந்தப்புறமிருந்து டீச்சர், “கூழு எங்க புள்ள? எட்டு மணி ஆச்சு! நர்ஸம்மா ஆனதும் நேரங்காலம் மறந்துபோச்சா?” என்று குரல் கொடுத்தார். ஈஸ்வரி குழவியைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கோகிலவாணிக்குத் தெரியும். அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். நாளைக்கு டீச்சர் விழுந்தால் எழுதப்படப்போகிற பெயர் ஈஸ்வரியுடையது, அது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கணுவில் ரத்தம் கட்டி விண்விண்ணென்றது. எதிர்த்துப் பேச வராது என்று தெரிந்ததால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மேசை மேல் வைத்து, டாக்டருக்குப் போன் போட்டாள். தூங்கறவர எழுப்பறியா, கேக்க ஆளில்லன்னு நெனச்சியா என்று ருக்மணி சிஸ்டர் பின்னாலேயே வந்தார். மூன்றாவது மணியில் டாக்டர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். “அடடா, அத இடிக்கக் கூடாதும்மா. முழுங்க மாட்டாங்களா? எங்கிட்ட ஆரும் சொல்லலியே. சரி, வேற எழுதறேன், கரையறது. இன்னிக்கு இத நிறுத்திரு. நல்ல வேளை கேட்ட” என்றார். வைத்துவிட்டார். அவள் செல்பேசியைப் பார்த்தாள். நாற்பத்தொரு நொடி. இவ்வளவுதானா? இவ்வளவுதானா அது? நாற்பத்தொரு நொடிக்காகவா ஒருத்தி பத்தொன்பது நாள் இடுப்பொடிந்து கிடந்தாள், ஒருத்தி குண்டான் தேய்க்கிறாள்? யாரும் கெட்டவர்களாக இருந்திருக்கக்கூட வேண்டாம். டாக்டருக்கு இடிப்பது தெரியாது, இடிப்பவளுக்கு மாத்திரை தெரியாது, நடுவில் இருந்தவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றாததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்பதும் ஐம்பதும் தெரிந்த பிறகு அந்த ஆறு வரியை எழுதினார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை. அதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லை என்றாளே ஒருத்தி, அவளைப் பொறுக்கவே முடியவில்லை.

“சிஸ்டர், தெய்வானை அம்மாவுக்கும் அப்ப இதே மாதிரி மாத்திரைதான்” என்றாள். இந்த முறை குரல் கேட்டது.

ருக்மணி சிஸ்டரின் முகத்தில் கேலி அப்படியே நின்றுபோயிற்று. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, அன்றைக்கே இல்லாவிட்டாலும் பிறகு என்றைக்கோ தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில் கோகிலவாணி கண்டுகொண்டாள். பிறகு சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய பிரியமாகச் சொன்னார். “கண்ணு, செத்துப்போனவங்களத் தோண்டி என்ன ஆகப்போகுது? அத இடிச்சது ஆரு, நீதான. எழுதுனா அதையும் சேத்தித்தான எழுதோணும்? நம்பர் வாங்கி இன்னம் மை காயல. அப்பனுக்கு நீ ஒருத்திதான. போ, போயி டீச்சருக்குக் கூழக் குடு.”

கூழைக் கொடுத்தாள். மற்ற இரண்டு மாத்திரையைப் பொடித்துப் போட்டு, கிண்ணத்தோரம் வழித்து, உதட்டில் தொட்டுக் காட்டி, தொண்டையைப் பார்த்து, கரண்டி கரண்டியாக. சூடு பத்தல என்றார் டீச்சர், உப்புப் பத்தல என்றார், பழைய புள்ள ஒண்ணு இருந்துச்சு, சாந்தாமணின்னு, அது ஊட்டுனா வவுறு நெறையும் என்றார். ஆமாங்க டீச்சர் என்றாள். பதிவு எண் போய்விட்டால் மறுபடி உதவியாள்தான். அதுகூட யாரும் தர மாட்டார்கள். அப்பா என்ன சொல்வார், வாழைக்கு நடுவில் நின்று எம்புள்ள நர்ஸு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாரே. பதிவேடு இருக்கும் அலமாரியின் சாவி வண்டியில் தொங்குகிறது. பொறுப்பு நர்ஸ் என்ற முறையில் இன்றைக்கு அவள் கையில் இருப்பது. உதவியாளாக இருந்த நாளில் அந்த அலமாரியைத் தொட்டுத் துடைக்க மட்டும் விடுவார்கள். டீச்சரின் வாயைத் துடைத்துவிட்டாள், தலையணையை உயர்த்தி வைத்தாள், ஒன்பது மணிக்கு நடக்கும்போது கூடவே வர ஈஸ்வரியிடம் சொன்னாள். பிறகு அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்துக் கூடத்தின் நடு மேசையில் போட்டு, ஆறு வரி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். தமிழில் எழுதினாள். ருக்மணி சிஸ்டர் மருந்து அறை வாசலில் வந்து நின்றார், கிட்டே வரவில்லை. எழுதி முடித்து, பெயர் போட்டு, அதன் கீழே பதிவு எண்ணைப் போட்டாள். செல்பேசியை எடுத்து, இத்தனை காலமாக அழிக்கவும் கூப்பிடவும் செய்யாமல் வைத்திருந்த எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தது. பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே, “ஆருங்க?” என்று கேட்டது.

“கோகிலா பேசறேன்க்கா. இல்லத்துல இருந்து.”

“அட சாமி! நீயா? நல்லா இருக்கறயா கண்ணு? என்ன இந்நேரத்துல?”

“அக்கா, ஒரு நிமிஷம் அந்தச் சத்தத்த உட்டுத் தள்ளி வாங்க. ஒண்ணு எழுதியிருக்கறேன், படிக்கறேன், கேளுங்க.”

சத்தம் குறையும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து நின்று, பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கும்படி, தெய்வானை அம்மாளின் மாத்திரையை அன்று காலை ஏழு ஐம்பதுக்கு இடித்தது நான் என்ற முதல் வரியிலிருந்து படித்தாள்.